என் வரிப்பணத்தில்தான் ஊருக்கெல்லாம் இலவசமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியிருப்பது சுருக்கமாக இது: "மாதா மாதம் சம்பளத்தில் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். நாட்டில் வருமான வரி கட்டுவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். கட்டாதவர்களுக்கு உரிமைத் தொகை, இலவச பஸ், இலவச மின்சாரம். என் பணத்தை எடுத்து அவர்களுக்குக் கொடுப்பது என்ன நியாயம்?" இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வரி கட்டுவது யார், கட்டிய பணம் எங்கே போகிறது, எனக்கு ஏன் ஏமாந்தவன் மாதிரி இருக்கிறது. மூன்றாவதுதான் உங்களை எழுத வைத்தது என்று நினைக்கிறேன். அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்பதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நான் அரசுக் கணக்குத் தணிக்கையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். ஆடிட் பார்ட்டியோடு மாவட்டம் மாவட்டமாகப் போய் கேஷ் புக்கையும் கருவூலப் பட்டியல்களையும் புரட்டியதுதான் என் படிப்பு. பொருளாதாரம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆகவே பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். அதனால் நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்ற இடத்தில் நான் சொல்வது ஒரு கணக்குக்காரனின் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

முதலில் அந்த இரண்டு மூன்று சதவீதம். எண் ஏறக்குறைய சரி. 2024 ஜூலை 31-க்குள் தாக்கலான வருமான வரி ரிட்டர்ன்கள் 7.28 கோடி. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் அது ஐந்து சதவீதம். தாக்கல் செய்தவர்களிலும் பெரும்பகுதி 'நில்' ரிட்டர்ன், அதாவது கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் "வருமான வரி கட்டாதவர்" என்பதை "வரி கட்டாதவர்" என்று படிக்கும் இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. பெட்ரோல் பங்கில் நிற்கும் ஒரு உணவு டெலிவரிப் பையனை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு நூறு, நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டரை லிட்டர் பெட்ரோல் போகும். 2025 ஏப்ரலில் ஏற்றியபோது ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசின் வரி 21 ரூபாய் 90 காசு ஆனது. நாளுக்கு 54 ரூபாய் 75 காசு. மாதம் 26 நாள் ஓட்டினால் 1,423 ரூபாய். வருடத்துக்கு 17,000-க்கு மேல். இது டெல்லிக்குப் போவது மட்டும். தமிழ்நாட்டு வாட் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. அதையும் கூட்டினால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதே 2025-26-ல் பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை சம்பளம் வாங்கும் ஒருவர் புதிய வரி முறையில் கட்டும் வருமான வரி பூஜ்யம். அவரும் பெட்ரோல் போடுகிறார், உண்மைதான். ஆனால் "நான் கட்டுகிறேன், அவன் கட்டவில்லை" என்ற வாக்கியம் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

அந்தப் பையனுக்கு ஃபார்ம் 16 கிடையாது, அதுதான் வித்தியாசம். உங்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள், இவ்வளவு பிடித்தோம் என்று. அவனுடைய 349 ரூபாய் ரீசார்ஜில் 53 ரூபாய் ஜி.எஸ்.டி. இருக்கிறது என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் 22 வரை குளிக்கிற சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்தில் இருந்தன. இப்போது 5 சதவீதம். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை. அந்த எட்டு வருடம் எந்தக் குடிசையும் பல் தேய்க்காமல் இருந்ததில்லை.

இங்கே எதிர்ப்பக்கத்தில் சுற்றும் ஒரு எண்ணையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசியதாகும். 2023 தொடக்கத்தில் ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கையில், ஜி.எஸ்.டி.யில் 64 சதவீதம் கீழ்ப்பாதி மக்களிடமிருந்து வருகிறது என்று இருந்தது. மேடைகளில் இன்றும் அதைச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. நாட்டின் மொத்தச் செலவில் கீழ்ப்பாதி மக்களின் பங்கு பாதியைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். 'கீழ்ப்பாதி' என்ற சொல்லிலேயே அது அடங்கியிருக்கிறது. அதிலும் அவர்கள் வாங்குவதில் சில்லறை அரிசி, காய்கறி, பால் என்று வரியில்லாத சாமான் அதிகம். அப்புறம் வரியில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு எப்படி வரும்? கடையில் வாங்குபவரின் வருமானத்தைக் கேட்டு யாரும் பில் போடுவதில்லை. ஆகவே யார் எவ்வளவு சுமந்தார் என்று சொல்லும் எந்த எண்ணும் ஓர் ஊகத்தின் மேல்தான் நிற்கிறது. ஊகம் தேவைப்படாதது ஒன்று உண்டு. மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிப்பவர் பதினைந்தாயிரத்தையும் செலவழிக்கிறார். மூன்று லட்சம் சம்பாதிப்பவர் பாதியைச் சேமிக்கிறார். செலவின்மேல் போடும் வரி முதலாமவரின் வருமானத்தில் கூடுதலான பங்கைத் தின்னும். தொகை உங்களுடையது பெரிது, பாரம் அவருடையது பெரிது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

இனி, உங்கள் பணம் எங்கே போகிறது. நான் சொன்னால் நண்பர்கள் நம்ப மறுக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு லட்சம் ரூபாய் வருமான வரி கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அதன்மேல் வரும் 4 சதவீத செஸ்ஸை, அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் கூடுதல் வரியை, தனியாக எடுத்துவிடுவோம், அது வேறு கதை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை வகுத்த முறைப்படி, பகிரத்தக்க வரியில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும். அதாவது 41,000 ரூபாய். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: 1,672 ரூபாய். வசூல் செலவைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். நீங்கள் சென்னையில் உட்கார்ந்து கட்டும் ஒரு லட்சத்தில், வரிப்பகிர்வாக ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜுக்குத் திரும்பி வருவது இவ்வளவுதான். மானியங்கள், மத்திய நிதியில் நடக்கும் திட்டங்கள் என்று வேறு வழிகளிலும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் மகளிர் உரிமைத் தொகையும் பெண்களுக்கான கட்டணமில்லா பஸ்ஸும் மாநில அரசின் செலவு. மாநிலத்தின் சொந்த வரி என்பது ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பெட்ரோல் வாட், பத்திரப் பதிவு, வண்டி வரி, மது. இதில் வருமான வரி கிடையாது.

மது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2023-24-ல் டாஸ்மாக் வழியாக ஆயத்தீர்வையும் வாட்டுமாகச் சேர்ந்து வந்தது சுமார் 45,800 கோடி. உரிமைத் தொகைக்கு 2024-25-ல் ஒதுக்கியது சுமார் 13,700 கோடி. புருஷன் கடையில் கொடுத்ததில் ஒரு பங்கு பெண்டாட்டியின் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கிண்டலாகச் சொல்வார். கணக்குப்படி அப்படிச் சொல்லக் கூடாது. எல்லாப் பணமும் அரசின் தொகுப்பு நிதியில் போய்க் கலக்கிறது, கலந்த பிறகு எந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. அதே காரணத்தால் "என் டி.டி.எஸ்.தான் அந்த ஆயிரம் ரூபாய்" என்றும் சொல்ல முடியாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால், அவர் சொன்னது உங்களுடையதைவிட உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் அரசு எதில்தான் செலவழிக்கிறது? மத்திய அரசு வருடா வருடம் ஒரு ரூபாயைக் காசு காசாகப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று போடும். 2025-26 பட்ஜெட்டில் மாநிலங்களின் வரிப்பங்கு 22 காசு, வட்டி 20 காசு, பாதுகாப்பு 8 காசு. உணவு, உரம் முதலான பெரிய மானியங்கள் எல்லாம் சேர்ந்து 6 காசு. வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. இந்த வட்டி யாருக்கு என்று யோசித்திருக்கிறீர்களா? அரசுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு: வங்கிகள், எல்.ஐ.சி., பிராவிடண்ட் ஃபண்டுகள். உங்கள் பி.எஃப். பணத்தில் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களில் கிடக்கிறது. 2024-25-க்கு உங்களுக்கு வந்த 8.25 சதவீத வட்டியில் ஒரு பகுதி, அந்த டெலிவரிப் பையனின் பெட்ரோல் வரியும் கலந்த பணம். அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது, அது கடனுக்கு வட்டி. ஆனால் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பணம் நகர்கிறது என்று பார்த்தால், நீங்கள் படம் போட்டு வைத்திருக்கும் திசையிலிருந்து அது மாறியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். 2024-25 பட்ஜெட் மதிப்பீட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் சுமார் 1.95 லட்சம் கோடி. சம்பளம் சுமார் 85,000 கோடி, ஓய்வூதியம் 37,000 கோடிக்கு மேல், வட்டி 63,000 கோடிக்கு மேல். மூன்றையும் கூட்டினால் 1.85 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. அதாவது சொந்தமாக வசூலிக்கும் வரி முழுக்க, கிட்டத்தட்ட, இந்த மூன்றுக்கே சரியாகப் போகிறது. மிச்ச அரசாங்கம் பெரும்பாலும் மத்தியிலிருந்து வருவதிலும் கடனிலும்தான் ஓடுகிறது. ஓய்வூதியத்தில் நானும் இருக்கிறேன். முதல் தேதி வந்தால் என் கணக்கில் விழுவதும் நீங்கள் கேட்ட அந்த 'என் பணம்'தான். ஆனால் உங்கள் கேள்வியில் நான் இல்லை, பஸ்ஸில் போகிற பெண் இருக்கிறாள். இதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. (ஆசிரியருக்கும் செவிலியருக்கும் போலீஸுக்கும் போகும் சம்பளம் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடம் நடத்துவது என்றால் பெரும்பாலும் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதுதான்.)

நடுத்தர வர்க்கத்துக்கும் இலவசம் உண்டு, அதற்குப் பெயர் வேறு. பழைய வரி முறையில் பி.எஃப்., எல்.ஐ.சி. போன்ற சேமிப்புக்காக வருமானத்திலிருந்து கழிக்க விடும் 80சி கழிவு ஒன்றரை லட்சம். முப்பது சதவீத வரம்பில் இருப்பவருக்கு அதனால் மிச்சமாவது செஸ்ஸோடு சேர்த்து 46,800 ரூபாய். மாதத்துக்கு 3,900. இருபது சதவீத வரம்பில் இருப்பவருக்கு அதே சேமிப்புக்கு 31,200 மட்டும். வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் அதே எல்.ஐ.சி. பாலிசியைப் போட்டாலும் ஒன்றும் இல்லை. கூடுதலாகச் சம்பாதிப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் உதவித்தொகை இது. கருவூலத்திலிருந்து செக் போடாமல், வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டுக் கொடுக்கிறார்கள். அதனால் செலவுக் கணக்கில் வராது, தணிக்கைக்கும் எளிதில் வராது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விண்ணப்பம், விசாரணை, ரேஷன் கார்டு, மின்சாரப் பயன்பாட்டு அளவு, நிலத்தின் அளவு என்று அத்தனையும் கேட்டார்கள். 3,900 ரூபாய்க்கு யாரும் வாசலில் வந்து நின்றதில்லை. நானும் சர்வீஸில் இருந்தவரை வருடா வருடம் அதை வாங்கினேன். வீட்டு மின்சாரத்திலும் அப்படித்தான். 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். குளுகுளு அபார்ட்மெண்டுக்கும் உண்டு. உங்கள் வீட்டுக்கும் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் ஏமாந்த உணர்வு நியாயமானது என்று ஏன் சொன்னேன்? சம்பளக்காரர் ஒளிக்க முடியாது. முதலாளியே பிடித்துக் கட்டிவிடுகிறார். மற்றவர்களுக்குக் கணக்கு எழுதும் சலுகை இருக்கிறது. மத்திய அரசு காட்டும் அதே ஒரு ரூபாய்ப் படத்தின் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். 2018-19 பட்ஜெட்டில் கம்பெனி வரி 19 காசு, தனிநபர் வருமான வரி 16 காசு. 2025-26-ல் கம்பெனி வரி 17 காசு, தனிநபர் 22 காசு. ஏழு வருடத்தில் தராசு புரண்டுவிட்டது. நடுவில் நடந்தது என்ன என்பது ஒளிவுமறைவில்லை. 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரியை அடிப்படை 22 சதவீதமாகவும், புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைத்தார்கள். வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே அன்று சொன்னது. அதனால் முதலீடு பெருகி வேலை வந்ததா என்பதில் பொருளாதாரம் படித்தவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கொரோனா நடுவில் வந்ததால் எது எதனால் நடந்தது என்று பிரிப்பது கடினம். வரிச்சுமை கம்பெனியின் தோளிலிருந்து ஆட்களின் தோளுக்கு நகர்ந்தது என்பது மட்டும் அச்சடித்த ஆவணத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று, உழைத்து வரும் பணத்துக்கும் உட்கார்ந்த இடத்தில் வரும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம். பட்டியலிட்ட பங்குகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல், ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். சம்பளத்துக்கு உச்ச வரம்பு 30. இது எல்லோருக்கும் அநியாயமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபது லட்சம் அளவில் ஆச்சரியமாக இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது. புதிய முறையில் சம்பளக்காரருக்கு 1.92 லட்சம், பங்கு லாபம் மட்டும் உள்ளவருக்கும் அதை ஒட்டித்தான். ஒரு கோடிக்குப் போனால் கதை வேறு. சம்பளமாக வாங்கியவர் சர்சார்ஜ் (பெரிய வருமானத்துக்கு வரியின்மேல் வாங்கும் கூடுதல் வரி), செஸ் எல்லாம் சேர்த்து 29 லட்சத்துக்கு மேல் கட்டுகிறார். பங்கு லாபமாக வாங்கியவர் பதிமூன்றரை லட்சம். பாதிகூட இல்லை. கம்பெனி ஏற்கெனவே தன் லாபத்துக்கு வரி கட்டிவிட்டது, பங்குக்காரரிடம் இன்னொரு முறை வாங்குவதில் குறைவாக வாங்குவது சரிதான் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு என்னிடம் சமாதானம் இல்லை. மேலே போகப் போகச் சொத்து என்பது வரிக்கு எட்டாத பொருளாகிவிடுகிறது. இறந்தவரின் சொத்துக்குப் போட்ட எஸ்டேட் டியூட்டியை 1985-ல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015-ல் எடுத்தார்கள், 2013-14-ல் அதில் வசூலானதே 1,008 கோடிதான் என்ற காரணத்தோடு. இவ்வளவு கோடீஸ்வரர்கள் உள்ள நாட்டில் அவ்வளவுதான் வசூலானது என்றால், வரியை எடுக்க வேண்டுமா, வசூலைச் சரிசெய்ய வேண்டுமா என்று யாரும் வெகுநேரம் விவாதித்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது தனியாக வைத்த செஸ்ஸுக்கு வருகிறேன். தணிக்கையில் இருந்தவனுக்கு இதில்தான் கோபம் வரும். செஸ், சர்சார்ஜ் இரண்டையும் மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை, அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. 2025 ஏப்ரலில் பெட்ரோலுக்கு வந்த அந்த 21 ரூபாய் 90 காசைப் பிரித்துப் பாருங்கள். பகிரத்தக்க அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு. மிச்ச இருபதரை ரூபாயும் சாலை செஸ், விவசாய செஸ், சிறப்புக் கூடுதல் தீர்வை என்று பகிர்வுக்கு வெளியே. நாட்டில் எங்கே ஒரு லிட்டர் விற்றாலும், அந்த 1 ரூபாய் 40 காசில் 41 சதவீதம், அதில் 4.079 சதவீதம் என்று போனால், தமிழ்நாட்டின் பங்கு இரண்டேகால் காசு சொச்சம். சாலை செஸ்ஸில் ஒரு பகுதி சாலைகளாக மாநிலங்களுக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தமாகப் பார்த்தால், 41 சதவீதம் என்று சொல்லப்படுவது 2025-26 மதிப்பீட்டில் மொத்த மத்திய வரியான 42.70 லட்சம் கோடியில் 14.22 லட்சம் கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

சரி, செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்குவது. அந்தக் காரியத்துக்குப் போனதா? உயர்நிலை, உயர்கல்விக்கென்று 2007-லிருந்து ஒரு சதவீதம் வாங்கினார்கள். உங்கள் அப்பா சம்பளத்திலும் பிடித்திருப்பார்கள். 2017-18 வரை அதில் வசூல் 94,036 கோடி. அதற்கென்று தனி நிதியம் உருவாக்க முடிவானது 2017 ஆகஸ்டில். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பணம் பொதுக் கணக்கில் கலந்தே கிடந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் எழுதினார். கல்விக்கு அரசு வேறு வழியில் செலவழித்தது, ஆகவே பணம் களவு போனது என்று சொல்வது தவறு. வாங்கிய பெயருக்கும் வைத்த இடத்துக்கும் ரசீது பொருந்தவில்லை. அதே போல, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட வாங்கிய ஜி.எஸ்.டி. இழப்பீட்டு செஸ்ஸில் முதல் இரண்டு வருடத்தில் 47,272 கோடியை உரிய நிதியத்துக்கு மாற்றவில்லை என்றும் ஒரு அறிக்கை வந்தது. தொலைக்காட்சியில் இலவச மிக்ஸி கிரைண்டரைப் பற்றி எத்தனை விவாதம் பார்த்தீர்கள், இந்த இரண்டைப் பற்றி எத்தனை பார்த்தீர்கள்?

மாநிலங்களுக்கு நடுவே பங்கிடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கேள்வியின் அச்சு அதில் அப்படியே இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழுவின் பங்கீட்டில் 45 சதவீத எடை 'வருமான இடைவெளி'க்கு, அதாவது ஏழை மாநிலத்துக்குக் கூடுதல். உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058, நமக்கு 4.079. பன்னிரண்டாவது நிதிக்குழுவில் நமக்கு 5.305 இருந்தது. "நாங்கள் கட்டுகிறோம், அவர்கள் சாப்பிடுகிறார்கள்" என்று நாம் பீகாரைப் பார்த்துச் சொல்வதைத்தான் நீங்கள் பஸ்ஸில் போகும் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்கள். என் சொந்த அபிப்பிராயம்: ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது சரி. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலத்துக்கு அந்தக் குழு கொடுத்த எடை வெறும் 12.5 என்பதும், பந்தியில் பரிமாறும் முன்பே செஸ் என்று ஒரு பெரிய அண்டாவைத் தனியாக உள்ளே எடுத்து வைப்பதும் சரியில்லை. பக்கத்து இலையைப் பார்த்துச் சண்டை போடுவதற்கு முன் அந்த அண்டாவைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கடைசியாக, செலவழிக்கும் விதம். வீணாவது எங்கே என்று என்னைக் கேட்டால், பயனாளியிடம் போய்ச் சேரும் கடைசிப் படியில் நான் பார்த்தது குறைவு. சத்துணவு மையத்தில் எண்ணெய்ப் பாக்கெட் கணக்கு இடிக்கிறது என்று பாரா (தணிக்கை ஆட்சேபக் குறிப்பு) எழுதியிருக்கிறேன், சில நூறு ரூபாய். பெரிய ஓட்டை மார்ச் மாதத்தில் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில், ஒரு துறையில், விடுதிப் பிள்ளைகளுக்குக் கட்டில் வாங்க ஒதுக்கீடு பிப்ரவரி கடைசியில் வந்தது. மார்ச் 31 அன்று கருவூலத்தில் பில் பாஸாகி, பணம் வங்கிக் கணக்குக்கு மாறி, 'முழுவதும் செலவிடப்பட்டது' என்று பயன்பாட்டுச் சான்றும் போய்விட்டது. நாங்கள் ஆகஸ்டில் போனோம். பிள்ளைகள் பாயில் படுத்திருந்தார்கள். பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது, ஒரு பைசா குறையவில்லை. அந்த அலுவலர் கெட்டவர் இல்லை. "சார், எடுக்கலேன்னா லேப்ஸ் ஆயிடும். அடுத்த வருஷம் கேட்டா, போன வருஷமே செலவு பண்ணலையேன்னு ஒதுக்கீட்டையே குறைப்பாங்க" என்றார். அவர் சொன்னதும் உண்மை. இந்த மார்ச் ஓட்டத்தைத் தடுக்க மத்திய அரசு கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேல், மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆனால் ஒதுக்கீட்டு ஆணையே தாமதமாக வந்தால், கீழே இருப்பவர் என்ன செய்வார்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம் முறையில் அளந்துதான் போடுகிறார்கள், போட்டது ஆற்றிலா வயலிலா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் பார்த்தோம் என்றால், ஒரு வருடம் கழித்துப் பார்த்தோம். பாரா சட்டமன்றத்துக்குப் போய், பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து, பதில் வாங்குவதற்குள் அந்த அலுவலர் ஓய்வு பெற்றிருப்பார், அந்தப் பிள்ளைகள் கல்லூரி முடித்திருப்பார்கள்.

கேள்வியின் கடைசி வரியில் "கேட்க எனக்கு உரிமை இல்லையா?" என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. அதற்கு வருமான வரி கட்டியிருக்கவும் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டணம் பத்து ரூபாய். உங்கள் வார்டில் நடந்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கால்வாய், ஒரு வகுப்பறை. "எவ்வளவு செலவு" என்று கேட்டால் ஒரு எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். மூன்று காகிதங்களின் நகல் கேளுங்கள்: ஒதுக்கீட்டு ஆணை, பயன்பாட்டுச் சான்று, ஒப்பந்ததாரரின் கடைசிப் பில். பிறகு மூன்றின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்று மார்ச் 31 என்றும் கடைசிப் பில் அடுத்த நவம்பர் என்றும் இருந்தால், அந்த எட்டு மாதம் பணம் யார் கணக்கில் இருந்தது என்று இன்னொரு பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்.